நண்டுப்பொடி மாரிக்கண்ணு

என் தங்கை மாரிக்கண்ணு ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்பிள்ளை கால் வைக்கக் கூடாது என்றிருந்த தொட்டிக்கரையில் நின்று சாயம் போட்டாள். அந்த வேலைக்கு ஆண்கள் வாங்கிய கூலியையே வாங்கினாள். எடுத்துவிட வேண்டி வரலாம் என்று டாக்டர்கள் சொன்ன வலது கையைக் காப்பாற்றிக்கொண்டாள். இன்றைக்கும் அந்தக் கையால்தான் சோறு தின்கிறாள். அவளைக் கொல்லப் பார்த்தவனைக் கோர்ட்டில் ஏற்றி ஜெயிலுக்கு அனுப்பினாள். அதுவும், நேரில் பார்த்தவர்கள் எல்லாரும் மாற்றிச் சொன்ன பிறகு.

நான் அவளுக்கு மூத்தவள், பாலம்மாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன். நான் இல்லாத இடத்தில் நடந்தவை மாரிக்கண்ணு சொன்னவை. அவள் கூட்டிச் சொல்கிறவள் இல்லை.

அவள் வேலை பார்த்த சாயப்பட்டறை முதலில் ஆற்றங்கரையில் இருந்தது. சாயத் தண்ணீர் தாமிரபரணியில் கலக்கிறதென்று ஒருநாள் ஊர் ஆட்கள் கம்பும் கடப்பாரையுமாக வந்து தொட்டிகளை உடைத்தார்கள். தடுக்கப் போன காவல்காரரின் தாடை எலும்பு முறிந்தது. அதன் பிறகு முதலாளி அப்பாத்துரை அண்ணாச்சி, ஊரைத் தாண்டித் தன் கிணற்றடிக்குப் பட்டறையைக் கொண்டுபோனார். அங்கே வேறொரு தொல்லை. ஆற்றுத் தண்ணீர் மெல்லிய தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் சப்பைத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காமல் தயிர் மாதிரி திரியும். சிவப்புச் சாயம் போட்டால் நூலில் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

நூல் கெட்ட நாளெல்லாம் யாருக்காவது அடி விழும். அடிப்பவன் சாய மேஸ்திரி சிவசைலம். நூலைச் சிட்டம் சிட்டமாகக் கட்டித்தான் சாயத்தில் முக்குவார்கள். நனைந்த சிட்டத்தை முறுக்கினால் வடக்கயிறு மாதிரி கனக்கும். அதைச் சுழற்றி முதுகில் விடுவான். தோல் கிழியாது. உள்ளே கன்றிவிடும், மூச்சு இழுக்க முடியாது. ஒருமுறை ஒரு வேலையாளின் முகத்தில் விட்டு முன்பல்லைக் கழற்றினான். அந்தப் பல்லைச் சாம்பலோடு கூட்டித் தள்ளியது மாரிக்கண்ணு.

பெண்களுக்குப் பிழிந்து காயப்போடும் வேலை மட்டும். காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறிய நூலைப் பிழிந்து பிழிந்து அவளுடைய விரல் நுனிகள் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டன. மடிப்புகளில் வெடிப்பு. அறிவொளி வகுப்புக்கு ஆசையாகத்தான் போனாள். சிலேட்டுக்குச்சியைப் பிடித்தால் வெடிப்பு விரிந்து ரத்தம் கசியும். அதனால் எழுத்தைப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டாள், எழுதுவதை விட்டுவிட்டாள். ரேஷன் கடையிலானாலும் பட்டறையிலானாலும் பெருவிரலைத்தான் மையில் அமுக்குவாள். ஒரு நீலக் குமிழ் விழும். அதில் கோடு எதுவும் இருக்காது. யாரும் அதை உற்றுப் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் திருநெல்வேலியிலிருந்து கோமதிசங்கர் என்று ஒரு ரசாயன வியாபாரி வந்தார். பையில் வெள்ளைப் பொடி ஒன்று வைத்திருந்தார். அதற்கு ஈ.டி.டி.ஏ. என்று பெயர். கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் எடுக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற மாரிக்கண்ணுதான் எடுத்துக் கொடுத்தாள், அவரே அவளைத் தம்ளரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அதில் மூக்கைக் குத்தும் ஒரு தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, ஒரு சிட்டிகை கறுப்புத் தூளைப் போட்டார். தண்ணீர் திராட்சைப் பழச் சிவப்பாக மாறியது. பிறகு வெள்ளைப் பொடியைக் கரைத்து வைத்திருந்த தண்ணீரை மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டார். வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. திடீரென்று ஒரு சொட்டில் தம்ளர் முழுக்க நீலம்.

"சுண்ணாம்பும் மக்னீசியமும் தண்ணியில இருக்க வரைக்கும் செவப்பு. பொடி அதைப் பூராவும் பிடிச்சு முடிச்சதும் நீலம். இவ்வளவு சொட்டு குடிக்கின்னா உங்க கிணத்துல தண்ணி இல்ல அண்ணாச்சி, கல்லுதான் ஊறுது" என்றார் கோமதிசங்கர்.

"பிடிச்சத எங்கன கொண்டு போடும்?" என்று கேட்டாள் மாரிக்கண்ணு.

"எங்கயும் போடாது தங்கச்சி. தண்ணிக்குள்ளதான் கிடக்கும். ஆனா நூல்கிட்ட அண்ட விடாது. நண்டு ரெண்டு கொடுக்கால பிடிக்கும்லா? இது நடுவுல வச்சி ஆறு பக்கமும் பிடிக்கும்."

சிவசைலம் சிரித்தான். "நண்டப் போட்டுச் சாயம் காச்சச் சொல்லுதீரு. ரசம் வேணா வைக்கலாம்வே."

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கே அதற்கு நண்டுப்பொடி என்று பெயர் விழுந்துவிட்டது. ஆனால் கோமதிசங்கர் போகும்போது ஒன்று சொன்னார்.

"இது ஆள் பார்த்துப் பிடிக்காது அண்ணாச்சி. சுண்ணாம்பு, இரும்பு, செம்பு, எது கிடைச்சாலும் பிடிக்கும். சில சாயத்துக்குள்ளயே செம்பு உண்டு. உங்க கருநீலம் அந்த வகை. அதுல இதை அள்ளிப் போட்டா சாயத்துல உள்ள செம்பையும் பிடுங்கிரும். நிறம் செத்துப்போவும்."

அப்பாத்துரை அண்ணாச்சி தலையாட்டினார். சிவசைலம் பீடி பற்றவைக்க அப்பால் போய்விட்டான். மாரிக்கண்ணு தம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொடி நன்றாகத்தான் வேலை செய்தது. சிவப்பு ஒரே சீராகப் பிடித்தது. காயப்போடும் கம்பியின் துரு வெள்ளை நூலில் பட்டால், பொடி கரைத்த வெந்நீரில் ஊறவைத்துத் துருவை எடுத்தார்கள். டீ போடுகிற கெட்டிலின் அடியில் பாறையாய்ப் படிந்திருந்ததைக்கூட மாரிக்கண்ணு அதை வைத்துத்தான் எடுத்தாள். பிறகு பல தடவை அலசி வெயிலில் கவிழ்த்தாள். சிவசைலத்துக்கும் பொடியின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. மேஸ்திரிகளுக்கு ஒரு நினைப்பு உண்டு, கொஞ்சத்தில் நல்லது செய்வது நிறையப் போட்டால் இன்னும் நல்லது செய்யும் என்று.

உடன்குடியிலிருந்து ஒரு கடைக்காரர் கருநீல நூல் கேட்டிருந்தார். சிவசைலம் அந்தத் தொட்டியில் பொடியை இரண்டு பங்காக அள்ளிப் போட்டான். நூல் கத்தரிக்காய் நிறத்தில் வெளியே வந்தது. அடுத்த தொட்டிக்கு இன்னும் கொஞ்சம் போட்டான். அது அதைவிட மோசம்.

எங்கள் பக்கத்துச் சாயப்பட்டறைகளில் ஒரு வழக்கம். வீட்டுக்குத் தூரமான பெண் தொட்டி இருக்கும் பக்கம் வந்தால் சாயம் முறிந்துவிடும் என்பார்கள். சாயம் கெட்டால் மேஸ்திரி தண்ணீரைப் பார்க்க மாட்டான், பெண்களைத்தான் பார்ப்பான். சிவசைலம் பிழியும் கொட்டகைக்கு வந்தான்.

"எவளோ தூரமா இருந்துக்கிட்டு வந்திருக்கா. எவ அது?"

அவன் மாரிக்கண்ணுவின் கொண்டையைப் பிடித்துத் தொட்டிக்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். முழங்கால் இரண்டும் சரளைக்கல்லில் தேய்ந்து சதை தெரிந்தது. சேலையைப் பிடித்து இழுத்து, "காட்டுளா" என்றான். ஆண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறுக்கிய சிட்டம் ஒன்று தோளில் விழுந்தது, இன்னொன்று காதோடு சேர்த்து. அந்தக் காதில் அவளுக்கு இன்றைக்கும் கேள்வி குறைவு.

சத்தம் கேட்டு அப்பாத்துரை அண்ணாச்சி வந்தார். மாரிக்கண்ணு எழுந்து நின்று சொன்னாள்.

"மொதலாளி, நான் தூரமில்ல. இருந்தாலும் சாயத்துக்கு அது தெரியாது. கருநீலத்துல நண்டுப்பொடி போடக் கூடாதுன்னு அவரு உங்ககிட்டதான சொன்னாரு. இவரு அள்ளி அள்ளிப் போடுதாரு."

அண்ணாச்சிக்கு நினைவு வந்துவிட்டது. இரண்டு சட்டி வைக்கச் சொன்னார். இரண்டிலும் அதே சாயம். ஒன்றில் பொடி கூடுதல், ஒன்றில் பொடியே இல்லை. ஒரு சட்டியில் நூல் கத்தரிக்காய், ஒரு சட்டியில் நூல் கருநீலம். அண்ணாச்சி நூல் துழாவும் கம்பை எடுத்தார். சிவசைலத்தை அவன் அடித்த ஆட்களுக்கு முன்னாலேயே அடித்தார். கம்பு முறிகிற வரைக்கும் அடித்தார். புருவம் பிளந்து ரத்தம் அவன் வாய்க்குள் போனது. பிறகு மாரிக்கண்ணுவைப் பார்த்து, "நாளையில இருந்து பொடி அளந்து போடுதது நீதான். தொட்டிக்கரையில நில்லு" என்றார்.

அவள் தொட்டிக்கரைக்குப் போனது இப்படித்தான். தண்ணீரைச் சோதித்து, எந்த நிறத்துக்கு எவ்வளவு, எந்த நிறத்துக்குக் கூடாது என்று பிரித்து வைத்துக்கொண்டாள். நூல் கெடுவது நின்றது. நூல் கெடாததால் அடியும் நின்றது. சிவசைலத்தை அண்ணாச்சி வேலையை விட்டு அனுப்பவில்லை. அது அவர் செய்த தப்பு. தினமும் அவள் அளந்து கொடுப்பதை வாங்கித் தொட்டியில் போட வேண்டியவனாக அவன் நின்றான்.

ஒருநாள் மத்தியானம் ஆண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மாரிக்கண்ணு குனிந்து பொடி அளந்துகொண்டிருந்தாள். சிவசைலம் பின்னால் வந்து அவள் கழுத்தைப் பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கினான்.

"நண்டு பிடிக்கவளே, உள்ள போய்ப் பிடி" என்றானாம்.

முகம் தண்ணீரில் படாமல் வலது கையை ஊன்றினாள். கை முழங்கைக்கு மேல் வரைக்கும் கொதிக்கிற சாயத்துக்குள் போனது. அவன் விடவில்லை. அவளும் இடது கையைப் பின்னால் வீசி அவன் தலைமுடியைப் பிடித்துவிட்டாள். அவன் அமுக்க அமுக்க அவளும் இழுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சாய்ந்ததில் தொட்டித் தண்ணீர் வழிந்து அவன் கால்களில் கொட்டியது. அவன் அலறினான். அவள் அலறவில்லை, பிடியை விடவும் இல்லை. பிழியும் கொட்டகையிலிருந்து பெண்கள் ஓடிவந்து அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவனை எடுத்தார்கள். அவள் கையை வெளியே எடுத்தபோது தோல் சுருண்டு மணிக்கட்டில் வந்து நின்றது. சதை கருநீலமாக இருந்தது.

பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் எடுக்க வந்தவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் ரத்தத்தை விட்டுக் குலுக்கினார். குப்பியின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்ததை மாரிக்கண்ணு பார்த்துவிட்டாள். அவ்வளவு வலியிலும் கேட்டாள்.

"அது என்னதுண்ணே?"

"ஈ.டி.டி.ஏ.ம்மா. ரத்தம் உறையாம இருக்க. ரத்தத்துல கால்சியம் இருந்தாத்தான் உறையும். இது அதைப் பிடிச்சு வச்சிக்கிடும்."

அவர் போன பிறகு என்னைப் பார்த்தாள். "யக்கா, நண்டுப்பொடி இங்கயும் வந்திருக்கு. நம்ம ரத்தத்துலயும் சுண்ணாம்பு இருக்காம்" என்றாள். கை கெட்டுப்போனால் எடுத்துவிட வேண்டும் என்று அன்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவள் பேசியது ஒன்றே ஒன்று. "நான் வழுக்கி விழல. இத எழுதிக் குடுக்கணும்." போலீஸிலிருந்து வந்து கேட்பார்கள், அப்போது அவள் வாயால் சொன்னது அவள் பெயரில் எழுத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சிவசைலம் கால் ஆறியதும் தொட்டிக்கரைக்குத் திரும்பி வருவான், கொட்டகைப் பெண்கள் மறுபடியும் அவன் கையில்.

அதைத் தடுக்கத்தான் மற்றவர்கள் அலைந்தார்கள். கேஸ் என்று வந்தால் பட்டறையைப் பூட்டிவிடுவார்கள் என்று அப்பாத்துரை அண்ணாச்சிக்குப் பயம். கொட்டகைப் பெண்களிடம், மாரிக்கண்ணு வழுக்கித் தொட்டியில் விழுந்தாள், சிவசைலம் தூக்கிவிடப் போய்க் கால் வெந்தது என்று எழுதிக் கைநாட்டு வாங்கிவிட்டார். ஒருத்தி மாட்டேன் என்றாள். சிவசைலத்தின் தம்பி ஐயம்பெருமாள் அவள் விரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். பிறகு அவளும் கைநாட்டு வைத்தாள், உடையாத கையால்.

ஐயம்பெருமாள் என் வீட்டுக்கும் வந்தான். கையில் அரிவாள். நான் முற்றத்தில் பீடி இலையை நனைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒந் தங்கச்சிட்ட சொல்லு. வழுக்கி விழுந்தேன்னு சொன்னா ஒரு கையோட போவும்."

"அவ வழுக்கி விழலியே" என்றேன்.

கதவை வெட்டினான். இலைக்கூடையை வெட்டினான். குறுக்கே நீட்டிய என் முழங்கையில் ஒரு வெட்டு விழுந்தது. எலும்பு தெரிந்தது. அக்கம்பக்கத்தில் ஆள் கூடியதும் பைய நடந்துதான் போனான், ஓடவில்லை. தையல் போட்டுக்கொண்டு மாரிக்கண்ணுவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் நான் வருவதற்கு முன்பே இன்னொன்று நடந்திருந்தது. ஊசி போட்டு மயங்கிக் கிடந்தவளின் இடது பெருவிரலைப் பிடித்து ஐயம்பெருமாள் ஒரு காகிதத்தில் அமுக்கியிருந்தான். விரலில் மை இருந்ததையும் அடுத்த கட்டில்காரி சொன்னதையும் வைத்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாரிக்கண்ணு அந்த மையைப் போர்வையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

அடுத்த நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா ஒருவர் வந்தார். மாரிக்கண்ணு நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். வாசித்துக் காட்டினார். அவள் இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னாள். மையை எடுத்து அவள் பெருவிரலை அமுக்கினார். நீலக் குமிழ் விழுந்தது. அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரேகை விழலியேம்மா."

"எனக்கு விழாதுய்யா. சோடா தின்னுட்டு."

அந்த நேரத்தில்தான் அப்பாத்துரை அண்ணாச்சியும் ஐயம்பெருமாளும் வார்டுக்குள் வந்தார்கள். அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். வழுக்கி விழுந்தேன், யார் மேலும் குறை இல்லை என்று எழுதியிருந்தது. கீழே ஒரு நீலக் குமிழ். அதிலும் கோடு இல்லை.

ஏட்டையா இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. இதுல ஒண்ண நான் ஏத்துக்கிட்டா அடுத்ததையும் ஏத்துக்கிடணும். ரெண்டும் கோர்ட்டுல நிக்காது."

"அப்போ ரெண்டையும் கிழிச்சிப் போட்டுருவோம்வே. பிள்ளை கை ஆறட்டும். பட்டறையில வேற வேலை போட்டுத் தாரேன்" என்றார் அண்ணாச்சி. அவர் குரல் தன்மையாகத்தான் இருந்தது. மாரிக்கண்ணு அவரைப் பார்க்கவே இல்லை.

"ஏட்டையா, பேனாவத் தாங்க."

"உனக்கு எழுத வருமா?"

"வாசிக்க வரும். என் பேரு எப்படி இருக்கும்னு தெரியும்."

வலது கை தோள் வரைக்கும் கட்டுப் போட்டுப் பலகையில் கிடந்தது. பேனாவை இடது கையில் வாங்கினாள். பட்டறைக்குப் போகாத இந்த நாட்களில் விரல் வெடிப்புகள் மூடியிருந்தன. நான் காகிதத்துக்கு அடியில் தட்டைப் பிடித்துக்கொண்டேன். 'மா' போட்டாள். மேட்டில் ஏறுகிற வண்டி மாதிரி அது சாய்ந்து நின்றது. 'ரி' போட்டாள்.

"ஏளா, பேனாவ வை" என்றான் ஐயம்பெருமாள்.

அவள் நிறுத்தவில்லை. அவன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய், கட்டுப் போட்ட கையை முழங்கைக்கு மேல் பிடித்து நெரித்தான். கட்டுத் துணியில் மஞ்சளும் சிவப்புமாக ஊறி வெளியே வந்தது. மாரிக்கண்ணுவின் உதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. முகம் முழுக்க வேர்வை. பேனா முனை காகிதத்தில் ஓட்டை போட்டது. அந்த ஓட்டையைத் தாண்டி 'க்' எழுதினாள், புள்ளியும் வைத்தாள். ஏட்டையா லத்தியால் ஐயம்பெருமாளின் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டார். எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில்காலடியில் உட்கார்ந்து ஊளையிட்டான். வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். அப்பாத்துரை அண்ணாச்சி சுவரோடு ஒட்டி நின்றார்.

'க', 'ண்', 'ணு'. கடைசி எழுத்தின் சுழி பெரிதாகிவிட்டது. அவள் பேனாவை எடுக்காமல் அதைச் சுற்றி முடித்தாள். உதட்டு ரத்தம் ஒரு சொட்டு ஓரத்தில் விழுந்து பரவியது. பெயரில் படவில்லை.

"வாசி" என்றார் ஏட்டையா.

"மாரிக்கண்ணு" என்று வாசித்தாள். பிறகு பேனாவால் அண்ணாச்சியின் காகிதத்தைக் காட்டினாள். "அது எம் பேரு இல்ல."

ஏட்டையா அண்ணாச்சியின் காகிதத்தையும் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ஊசி மயக்கத்தில் கிடந்தவளிடம் அதை யார் வாங்கினார்கள் என்பதற்குப் பிறகு கோர்ட்டில் அதுவே சாட்சியாக நின்றது. புகாரின் மேல் ஊதி மையைக் காயவைத்தார். என் தங்கையின் பெயருக்குக் கீழே தேதியை எழுதினார்: 19.8.1994.